0.1 நொடி எப்படி 40 மீட்டர் ஆகிறது? இரண்டு வேகக் கார்களின் பிக்கப்பை ஒப்பிடுவது

ஒரு பக்கம் பெட்ரோலில் ஓடும் போர்ஷே 911 டர்போ எஸ், மறுபக்கம் மின்சாரத்தில் ஓடும் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட். இரண்டும் 2021 மாடல். அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் இரண்டையும் தனித்தனியே ஓட்டி நேரம் எடுத்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கி.மீ. வேகத்தைத் தொட போர்ஷேவுக்கு 2.2 நொடி ஆனது, பிளெய்டுக்கு 2.1 நொடி. வித்தியாசம் வெறும் 0.1 நொடி. பந்தயமாக வைத்தால் பார்ப்பவர்கள் 'சமம்' என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அதே இதழ், அதே கார்களில், கால் மைல் தூரத்துக்கும் நேரம் எடுத்தது. கால் மைல் என்பது 402 மீட்டர். போர்ஷே அதை 10.1 நொடியில் முடித்தது. கோட்டைக் கடக்கும்போது அதன் வேகம் மணிக்கு 220 கி.மீ. பிளெய்ட் 9.4 நொடியில் முடித்தது. வேகம் 243 கி.மீ. இப்போது வித்தியாசம் 0.7 நொடி. அந்த வேகத்தில் போர்ஷே ஒரு நொடிக்கு 60 மீட்டர் போய்க்கொண்டிருக்கும். ஆக, டெஸ்லா கோட்டைக் கடக்கும் கணத்தில் போர்ஷே 40 மீட்டருக்கு மேல் பின்னால் இருக்கும். அதன் நீளம் நாலரை மீட்டர். அப்படியென்றால் ஒன்பது கார் நீளம்.

60 மைல் வேகம் வரை ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே வந்தவை எங்கே பிரிந்தன? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்த இரண்டு கார்களின் நேர்கோட்டு வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் முடுக்கம். ஒவ்வொரு நொடியும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் முடுக்கம். கையிலிருந்து நழுவிய கல், காற்றுத் தடையை விட்டுவிட்டால், ஒவ்வொரு நொடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் வேகம் கூடுதலாகப் பெறும். இதைத்தான் 1 ஜி என்கிறோம். மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். 1 ஜி-யில் அந்த வேகத்துக்கு வர 2.83 நொடி ஆகும். டர்போ எஸ் 100 கி.மீ. வேகத்தை 2.7 நொடியில் எட்டும் என்று போர்ஷே சொல்கிறது. கீழே விழும் கல்லைவிட வேகமாக ஒரு கார் சமதரையில் வேகமெடுக்கிறது என்று அர்த்தம். சீட்டில் முதுகு ஒட்டிக்கொள்வது சும்மா இல்லை.

சரி, காரை முன்னால் தள்ளுவது எது? எஞ்சின் என்று சொல்லத் தோன்றும். எஞ்சின் சக்கரத்தைச் சுற்றத்தான் முடியும். உண்மையில் காரைத் தள்ளுவது தார்ச்சாலை. டயர் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, சாலை டயரை முன்னால் தள்ளுகிறது. இந்தத் தள்ளலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. டயரின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது, ரப்பருக்கும் தாருக்கும் இடையே பிடிப்பு எவ்வளவு என்ற இரண்டும்தான் அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. அதைத் தாண்டி எஞ்சின் திருகினால் டயர் வழுக்கிப் புகையும், கார் அதற்கு மேல் வேகமெடுக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கனமான காரின் டயர்களில் அதிக எடை அழுத்துகிறது, அதனால் பிடிப்பும் அதிகம். ஆனால் தள்ள வேண்டிய நிறையும் அதே அளவுக்கு அதிகம். நாலு சக்கரமும் இழுக்கும் காரில் (நம் இரண்டு கார்களும் அப்படித்தான்) இவை இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால்தான் 2,162 கிலோ எடையுள்ள பிளெய்டும் 1,640 கிலோ எடையுள்ள டர்போ எஸ்-ஸும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி கிளம்புகின்றன. அரை டன் கூடுதல் எடை இந்தக் கட்டத்தில் பெரிய தண்டனை இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நல்ல கோடைக்கால டயரும் நாலு சக்கர இழுவையும் சேர்ந்து 1.1 ஜி தரும் என்று வைத்துக்கொள்வோம். 1.1 ஜி என்பது வினாடிக்கு வினாடி 10.8 மீட்டர். 60 மைல் வேகம் என்பது வினாடிக்கு 26.8 மீட்டர். வகுத்தால் 2.48 நொடி. இதழ்கள் நேரம் எடுக்கும்போது ஆரம்பத்தில் ஒரு சின்னச் சலுகை கொடுப்பார்கள் (இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்). அதற்குச் சுமார் கால் நொடியைக் கழித்தால் 2.2 நொடி வருகிறது. எஞ்சினைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடப் பேசாமல், டயரை மட்டும் வைத்தே இரண்டு கார்களின் நேரத்தையும் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டோம்! 0-60 நேரம் முக்கால்வாசி டயர் பரிசோதனைதான் என்று நான் நினைக்கிறேன், அதுவும் இந்த அளவு சக்தி உள்ள கார்களில்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் கார் என்றால் கதை மாறும். கிளம்பும்போது எடை பின்னால் சாயும், அது பின்சக்கரங்களுக்கு நல்லது. ஆனால் முன்சக்கரங்களில் மிச்சமிருக்கும் எடை இழுவைக்குப் பயன்படாமல் போகிறது. போர்ஷே 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. நிற்கும்போதே எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களில்தான். வேகமெடுக்கும்போது இன்னும் சாய்ந்து பெரும்பகுதி அங்கே போய்விடும். டர்போ எஸ்-இல் முன் டயர் 255 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 315. எடை எங்கே போய் உட்காருமோ அங்கே ரப்பரைக் கொட்டியிருக்கிறார்கள்.

பிடிப்பு மிச்சம், சக்தி பற்றாக்குறை

வேகம் கூடக் கூட ஒரு கட்டத்தில் நிலைமை தலைகீழாகும். இதுவரை சக்தி மிச்சமிருந்தது, டயர் திணறியது. இனி டயருக்கு இன்னும் தாங்கும், எஞ்சினிடம் கொடுக்க மிச்சம் இருக்காது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு சமன்பாடு: திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது. எஞ்சின் தரும் திறன் மாறாமல் இருக்கையில் வேகம் இரட்டிப்பானால், தள்ளும் விசை பாதியாகிவிடும். 50 கி.மீ. வேகத்தில் முதுகில் உதைக்கும் கார் 200 கி.மீ. வேகத்தில் மெதுவாகத் தள்ளுவது இதனால்தான்.

விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். ஆகவே இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டிய எண், ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பது. டர்போ எஸ்-இன் எஞ்சின் 650 குதிரைத்திறன், அதாவது 478 கிலோவாட். 80 கிலோ ஓட்டுநரோடு சேர்த்து 1,720 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 278 வாட். பிளெய்டின் மூன்று மோட்டார்களும் சேர்ந்து 1,020 குதிரைத்திறன். டெஸ்லா சொல்வது அமெரிக்கக் குதிரை, போர்ஷே சொல்வது ஜெர்மானியக் குதிரை, முன்னது 745.7 வாட், பின்னது 735.5 வாட். குதிரைகளை எண்ணுவதைவிட கிலோவாட்டுக்கு மாற்றிக்கொள்வது நிம்மதி. பிளெய்டுக்கு 760 கிலோவாட் வருகிறது. ஓட்டுநரோடு 2,242 கிலோ. கிலோவுக்கு 339 வாட்.

இப்போது அந்தப் பிரியும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கிலோவுக்கான வாட்டை 10.8 முடுக்கத்தால் வகுத்தால், எந்த வேகம் வரை டயரின் முழுப் பிடிப்பையும் பயன்படுத்தும் சக்தி இருக்கிறது என்பது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். போர்ஷேவுக்கு 25.7, அதாவது மணிக்கு 93 கி.மீ. கியர்பெட்டியில் கொஞ்சம் சக்தி வீணாவதால் நிஜத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. டெஸ்லாவுக்கு 31.4, அதாவது 113 கி.மீ.

60 மைல், அதாவது 96.6 கி.மீ., இந்த இரண்டுக்கும் இடையே வந்து விழுவதைக் கவனியுங்கள். போர்ஷேவின் சக்தி பற்றாமல் போகத் தொடங்கும் இடத்திலேயே இதழ்காரர் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார். டெஸ்லாவின் மிச்சச் சக்தி அந்த எண்ணில் தெரியவே வாய்ப்பில்லை. அதற்குப் பிறகுள்ள சாலையில்தான் அது தெரிகிறது. 200 கி.மீ. வேகத்தில், காற்றை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், போர்ஷேவின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர், டெஸ்லாவினது 6.1. நொடிக்கு நொடி இந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்துதான் 40 மீட்டர்.

போர்ஷேவின் அடுத்த டர்போ எஸ்-உம் இதையேதான் காட்டுகிறது. 2025-இல் வந்த ஹைப்ரிட் வடிவத்துக்கு 711 குதிரைத்திறன். 650-இலிருந்து இவ்வளவு கூட்டியும் 100 கி.மீ. எட்டும் நேரம் 2.7-இலிருந்து 2.5 நொடிக்குத்தான் இறங்கியது. 200 கி.மீ. எட்டும் நேரமோ 8.9-இலிருந்து 8.4-க்கு வந்தது. கூட்டிய சக்தி வேலை செய்வது அந்த இரண்டாவது பாதியில்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1990-களின் மெக்லாரன் எஃப்1. எடை 1,138 கிலோ, 627 குதிரைத்திறன். ஓட்டுநரோடு கிலோவுக்கு 378 வாட். பிளெய்டைவிட அதிகம்! ஆனால் 1994-இல் 'ஆட்டோகார்' இதழ் எடுத்த அளவில் 60 மைல் வேகத்துக்கு 3.2 நொடி ஆனது. பின்சக்கர இழுவை மட்டும், கையால் மாற்றும் கியர், டயர் வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் கிடையாது, டயரும் அந்தக் காலத்து ரப்பர். அதே சோதனையில் அது கால் மைலை 11.1 நொடியில் முடித்தது. கோட்டைக் கடந்த வேகம் மணிக்கு 222 கி.மீ. டர்போ எஸ்-இன் எண்களோடு வைத்துப் பாருங்கள்: 10.1 நொடி, 220 கி.மீ. கடைசி வேகம் ஏறக்குறைய ஒன்று, நேரத்தில் ஒரு நொடி வித்தியாசம். அந்த ஒரு நொடியில் சின்னப் பங்கு அளவெடுக்கும் முறையால் வந்தது. பெரும்பங்கு, கிளம்பும் இடத்தில் போனது.

டிராக் (drag) பந்தயக்காரர்கள், அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓட்டுபவர்கள், ஓட்டம் முடிந்ததும் அச்சாகி வரும் நேரச் சீட்டில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்ப்பது இதனால்தான். கோட்டைக் கடக்கும் வேகம் காரின் சக்தியைச் சொல்லும். எடுத்துக்கொண்ட நேரம், அந்தச் சக்தி எவ்வளவு நன்றாகத் தரையில் இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லும். வேகம் அதிகமாகவும் நேரம் மோசமாகவும் இருந்தால் கோளாறு கிளம்பியதில். இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் நான் கடைசி வேகத்தைத்தான் கேட்பேன். அதில் ஏமாற்றுவது கடினம்.

கடைசி வேகம் சக்திக்கு நேர்விகிதத்தில் கூடாது, அதன் கனமூலத்துக்கு ஏற்பவே கூடும். ஒரே தூரத்தில் கடைசி வேகத்தை இரட்டிப்பாக்க, கிலோவுக்கான வாட்டை எட்டு மடங்காக்க வேண்டும். பிளெய்டுக்கு போர்ஷேவைவிடக் கிலோவுக்கு 22 சதவீதம் அதிக வாட். இந்தக் கணக்குப்படி கடைசி வேகம் 7 சதவீதம்தான் கூடியிருக்க வேண்டும். நிஜத்தில் 10 சதவீதம் கூடியது. மிச்சம் எங்கிருந்து வந்தது? கியர்பெட்டியில் ஆகும் இழப்பு ஒரு காரணம். இன்னொன்று காற்று.

காற்றின் எதிர்ப்பு, வேகம் இரட்டிப்பானால் நாலு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். 100 கி.மீ. வேகம் வரை பொருட்படுத்த வேண்டியதில்லை. 200-ஐத் தாண்டினால் எஞ்சின் சக்தியில் கணிசமான பங்கைக் காற்றே தின்றுவிடும். பிளெய்டின் காற்று எதிர்ப்புக் குணகம் 0.208 என்று டெஸ்லா சொல்கிறது, மிகக் குறைவான எண். அகன்ற டயர்களும், எஞ்சினைக் குளிர்விக்கப் பக்கவாட்டில் வெட்டிய துளைகளும், பின்னால் எழும் சிறகும் உள்ள டர்போ எஸ்-இன் குணகம் அதைவிட நிறையவே அதிகம்.

டார்க்கா, ஹார்ஸ்பவரா?

எந்தக் கார் விவாதத்திலும் யாராவது ஒருவர் 'பிக்கப்புக்கு டார்க்தான் முக்கியம், ஹார்ஸ்பவர் விளம்பரத்துக்கு' என்பார். பாதி உண்மை. சக்கரத்தில் வந்து சேரும் டார்க், அதாவது திருகுவிசைதான் தள்ளுகிறது, அது சரி. ஆனால் விளம்பரத்தில் போடும் டார்க் எஞ்சினில் அளந்தது. சக்கரத்துக்கு வருமுன் கியர் அதை மாற்றிவிடும். டர்போ எஸ் எஞ்சின் தன் உச்சமான 800 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே கொடுத்துவிடும். அந்தச் சுற்றில் அதன் திறன் வெறும் 209 கிலோவாட். உச்சத் திறனான 478 கிலோவாட் வருவது 6,750 சுற்றில். 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, கியரைக் குறைத்து எஞ்சினை 6,750 சுற்றுக்கு அருகே கொண்டுவந்தால், 2,500-இல் விட்டுவைப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விசை சக்கரத்தில் கிடைக்கும். எஞ்சினின் டார்க் அங்கே குறைவு என்றாலும்கூட!

ஆக ஒரு குறிப்பிட்ட வேகத்தில், அந்தக் கணத்தில் யாரிடம் அதிகக் கிலோவாட் வெளியே வருகிறதோ அவரிடம்தான் அதிக விசை. கியர்பெட்டியின் வேலையே எஞ்சினை உச்சத் திறனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது. போர்ஷேவின் எட்டு கியர் பெட்டியில் இரண்டு கிளட்ச் இருப்பதால் ஒரு கியர் விடும்போதே அடுத்தது பிடித்துவிடும், இழுவை அறுவதே தெரியாது. டெஸ்லாவில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கையும் தரும், ஒரு வேகத்துக்குப் பிறகு டார்க் இறங்க இறங்கச் சுற்று ஏறித் திறனைத் தாங்கிப் பிடிக்கும். பல மின்சாரக் கார்களில் அதிவேகத்தில் இந்தப் பிடி தளர்ந்துவிடும். பிளெய்டின் மோட்டாரில் சுழலும் பகுதியைக் கார்பன் நார் உறையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 20,000 சுற்று வரை சிதறாமல் போகும். அதனால் 200-க்கு மேலும் அது மூச்சு வாங்குவதில்லை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது?

மேலே சொன்ன சின்னச் சலுகைக்கு வருவோம். டிராக் ஓடுதளத்தில் கிளம்பும் கோட்டில் ஒரு ஒளிக்கற்றை இருக்கும். முன்சக்கரம் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். கார் நகர்ந்து ஒளிக்கற்றை மறுபடி தெரியும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் கார் சுமார் ஓர் அடி நகர்ந்திருக்கும். இதற்கு ரோல்அவுட் என்று பெயர். அமெரிக்க இதழ்கள் ஜிபிஎஸ் கருவியில் அளக்கும்போதும் பழக்கத்தை விடாமல் முதல் ஓர் அடியைக் கழித்துவிடுகின்றன. ஓட்டப்பந்தயத்தில் பையன் முதல் எட்டு எடுத்து வைத்த பிறகு ஸ்டாப்வாட்சை அமுக்குவது போன்றது இது.

ஓர் அடிதானே என்று விட முடியாது. 1 ஜி-யில் அந்த முப்பது சென்டிமீட்டரைக் கடக்கக் கால் நொடி ஆகும், அதற்குள் கார் மணிக்கு 9 கி.மீ. வேகத்தை எட்டியிருக்கும். 2 நொடிச் சண்டையில் கால் நொடி என்பது எட்டில் ஒரு பங்கு.

பிளெய்டுக்கு டெஸ்லா விளம்பரப்படுத்திய 1.99 நொடி, அடிக்குறிப்பில் இந்த ஓர் அடியைக் கழித்த எண். 'மோட்டார் ட்ரெண்ட்' இதழ் அதைச் சோதித்தபோது, டயர் ஒட்டிக்கொள்ளும்படி பிசின் பூசிய டிராக் ஓடுதளத்தில் 1.98 நொடி கிடைத்தது. சாதாரணத் தார்ப்பரப்பில் 2.07. இரண்டுமே ஓர் அடி கழித்தவை; கழிக்காவிட்டால் இரண்டுமே 2 நொடியைத் தாண்டிவிடும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய உண்மை.

போர்ஷேவின் பழக்கம் வேறு. அவர்கள் 100 கி.மீ.க்கு 2.7 என்கிறார்கள், இதழோ 60 மைலுக்கு 2.2 என்கிறது. அரை நொடி எங்கே போனது? 96.6-இலிருந்து 100-க்குப் போக 0.1 நொடி. ரோல்அவுட் கால் நொடி. மீதியுள்ளது போர்ஷேவின் அடக்கம். வாடிக்கையாளர் யார் ஓட்டினாலும் எட்டக்கூடிய எண்ணைப் போடுவது அவர்கள் வழக்கம். ஆகவே ஒரு கம்பெனியின் தாளையும் இன்னொரு கம்பெனியின் தாளையும் பக்கத்தில் வைத்து 2.7-க்கு எதிராக 1.99 என்று சொன்னால் அது ஒப்பீடே ஆகாது. ஒரே இதழ், ஒரே முறை. குறைந்தபட்சம் இதுவாவது வேண்டும்.

பிசின் பூசிய பரப்பும் ரோல்அவுட்டும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2023-இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன் 170 சாட்சி. பின்சக்கர இழுவை, எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறன். 60 மைலுக்கு 1.66 நொடி, கால் மைலுக்கு 8.91 நொடி என்று டாட்ஜ் அறிவித்தது. மேலே நாம் போட்ட 1.1 ஜி கணக்கு அங்கே செல்லாது. டாட்ஜ் சொல்லும் உச்சம் 2 ஜி. டிராக் பந்தயத்துக்கென்றே செய்த மிருதுவான டயரும் ஒட்டும் பரப்பும் இருந்தால்தான் அது நடக்கும். மழை பெய்த சாலையில் அதே காரை அதே மாதிரி மிதித்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் எங்கே நின்றது என்பதும் அதே அளவு முக்கியம். 2023 நவம்பர் 30 அன்று டெஸ்லா தன் சைபர்டிரக்கை வெளியிட்டபோது ஒரு வீடியோ காட்டியது. ஒரு போர்ஷே 911-ஐ டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டே சைபர்டிரக் இன்னொரு 911-ஐப் பந்தயத்தில் தோற்கடிக்கிறது. கால் மைல் பந்தயம் என்று மேடையில் சொன்னார்கள். வீடியோவை அலசியவர்கள் கண்டுபிடித்தது, பந்தயம் முடிந்த இடம் அரைக்கால் மைல், அதாவது 201 மீட்டர். பிறகு 'மோட்டார் ட்ரெண்ட்' அதேபோல் ஏற்பாடு செய்து முழுக் கால் மைல் ஓட்டியபோது 911 ஜெயித்தது. மேலே பார்த்த கணக்கைப் பொருத்திப் பாருங்கள்: கனமான, நாலு சக்கரமும் இழுக்கும் மின்சார வண்டிக்குச் சாதகமான இடம் ஆரம்பம்தான். தூரத்தைக் குறைத்தால் அந்தச் சாதகம் மட்டுமே மிஞ்சும்.

இதே தந்திரம் மறுபக்கமும் நடக்கும். நின்று கிளம்பாமல், ஓடிக்கொண்டிருக்கும் வேகத்திலிருந்து பந்தயம் வைத்தால், டயரின் பங்கு குறைந்துபோகும். பின்சக்கர இழுவைக் கார்கள் திடீரென்று நன்றாகத் தெரியும். ஓட்டத்திலிருந்து தொடங்கும் பந்தயத்தை யாராவது வற்புறுத்தினால் அவர் காரில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது மிதித்தால் என்ன ஆகிறது என்பதும் தனிச் செய்தி. போர்ஷேவில் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்ப உதவும் ஏற்பாடு) போட்டுக் கிளம்பும்போது, இடக்காலால் பிரேக்கையும் வலக்காலால் ஆக்சிலரேட்டரையும் முழுதாக அழுத்திப் பிடிக்கிறோம். எஞ்சின் 5,000 சுற்றில் உறுமிக்கொண்டு நிற்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவில் காற்றழுத்தம் ஏறியிருக்கும். பிரேக்கை விட்டால் எல்லாம் தயார். சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது திடீரென்று மிதித்தால் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கியர் இறங்க வேண்டும், டர்போ சுற்றேற வேண்டும். மின்சாரக் காருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. இதற்காகவே 'கார் அண்ட் டிரைவர்' 5 மைல் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும் நிலையிலிருந்து 60 மைல் வரை தனியாக ஒரு நேரம் எடுக்கிறது. அன்றாடம் ஓட்டப்போகிறவருக்கு 0-60-ஐவிட அந்த எண்தான் பயன் என்பது என் கட்சி.

டெஸ்லாவுக்கும் தன் சடங்கு உண்டு. பிளெய்டில் டிராக் ஸ்ட்ரிப் மோட் போட்டால், பேட்டரியையும் மோட்டாரையும் சரியான வெப்பநிலைக்குக் கொண்டுவரப் பத்து நிமிடம்போலக் காத்திருக்க வேண்டும். பிறகு முன்பக்கம் தாழ்ந்து பாயத் தயாராகும். பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய அது தரும் உச்சத் திறனும் குறையும். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தால் போர்ஷேவின் எடை குறையத்தான் செய்யும். மலைப்பகுதிக்குப் போனால் காற்று மெலியும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், டர்போ எஞ்சின் அதைப் பெருமளவு ஈடுகட்டும், மின்மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. இதழ்கள் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கணக்கிட்டு நேரத்தைத் திருத்திப் போடுவதும் இதற்குத்தான்.

சொந்தமாக அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் இப்போது கையடக்க ஜிபிஎஸ் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். வாங்கியதும் முதலில் ரோல்அவுட் கழிக்கும் அமைப்பு போட்டிருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். அப்புறம் சாலையின் சரிவு. 1 சதவீத இறக்கம் 0.01 ஜி-யைச் சும்மா கொடுக்கும். 1.1 ஜி-யில் கிளம்பும்போது அது கணக்கிலேயே வராது, 0.3 ஜி-தான் மிச்சமிருக்கும் அதிவேகத்தில் அதுவே மூன்று சதவீதம். இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுத்தால் சரிவும் காற்றின் திசையும் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். இதெல்லாம் மூடிய ஓடுதளத்தில்தான்.

ஒன்று மட்டும் இந்த எண்கள் எதிலும் இல்லை: ஓட்டுநர். கால் மைல் நேரம் என்பது கார் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்ததிலிருந்து எண்ணப்படுவது, பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து அல்ல. விளக்கைப் பார்த்து மிதிக்க ஒருவர் எடுக்கும் நேரம் தனிக் கணக்கு. அது சீட்டில் வேறு வரியில் அச்சாகும். ஆனால் பந்தயத்தில் ஜெயிப்பவர், யார் முதலில் கோட்டைத் தொட்டாரோ அவர்தான். பிளெய்டில் இருப்பவர் விளக்கு மாறியதைக் கவனிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நொடி பேசிக்கொண்டிருந்தால், 10.1 நொடிக் காரில் இருக்கும் போர்ஷேக்காரர் 9.4 நொடிக் காரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போவார். சீட்டில் டெஸ்லாவின் நேரம் அப்போதும் 9.4 என்றுதான் இருக்கும்.